சடங்குக்கு முன் குடிக்காத தண்ணீர்

என் நோய்க்கு நான் முதலில் செய்த வைத்தியம், தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. உங்களில் சிலரும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்து அம்மன் கோயிலில், வைகாசிச் சடங்கின்போது (ஆண்டுத் திருவிழா) அம்மன் கதையைச் சொல்லும் காவியத்தைப் பாட்டாகப் படிப்பவன் நான். எங்கள் கோயிலில் படிக்க உட்கார்ந்தவன் இடையில் எழும்பிச் சிறுநீர் கழித்தால், குளித்துவிட்டுத்தான் திரும்ப உட்காரலாம். அறுபதைத் தாண்டியபின் எனக்குச் சிறுநீர் போக நினைத்தால் வராது, நினைக்காத நேரம் முட்டும். அதனால் சடங்கு நாட்களில் மதியத்துக்குப் பின் ஒரு மிடறும் குடிக்கமாட்டேன். வந்ததை அடக்கினேன். புலம்பல் பாட்டுகளை வேகமாக ஓட்டினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

போன வருடம் படித்து முடித்து ஒதுக்குப்புறமாகப் போனால், ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. மருமகன் ஓட்டோவில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார். வழியில் காத்தான்குடிவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கல்லடிப் பாலத்தில் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கதீற்றர் (சிறுநீர்ப் பாதை வழியே சிறுநீர்ப்பைக்குள் விடும் மெல்லிய குழாய்) போட்டார்கள். அந்த நிம்மதியில் தாதியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தண்ணியக் குறைச்சா பெருத்த சுரப்பி சின்னதாகாது ஐயா. அடக்கி அடக்கி உங்கட சலப்பைதான் (சிறுநீர்ப்பை) களைச்சிரிக்கி" என்றார் டொக்டர்.

புரொஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் இருக்கும் சுரப்பி) வயதோடு பெருத்துப் பாதையை நெரித்திருந்தது. புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் பரிசோதனைகளில் இல்லை. மாத்திரை தந்து, சில நாளில் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்தது. இனிச் சத்திரசிகிச்சைதான் என்றார் டொக்டர்.

மருமகன் லேசர் செய்யக் கொழும்புக்குப் போகலாம் என்றார். வயிற்றைக் கீறி எடுத்தால்தான் திரும்ப வராது என்று மனைவியின் தம்பி அடித்துச் சொன்னார். டொக்டர் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். மிகப் பெரிய சுரப்பிக்குத்தான் வயிற்றைக் கீறுவது, ஆறவும் நாளாகும். லேசரில் இரத்தப்போக்கு குறைவு. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அது நல்லது. எனக்கு நடுத்தர அளவுதான், அந்த மருந்தும் இல்லை. சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் சுரப்பியைச் சீவி எடுத்தால் போதும்.

எனக்கு இருந்தது ஒரே கேள்வி. "ஒப்பரேசனுக்கு மறுகா சொட்டிக்கொண்டு இரிக்குமா டொக்டர்? சொட்டினா நான் அம்மனுக்கு முன்னால இரிக்கேலாது."

"கொஞ்ச நாளைக்குச் சொட்டலாம். கனபேருக்கு நிண்டிரும். எல்லாருக்கும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன்." விந்து வெளியே வராமல் பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போகலாம் என்பதையும் சொன்னார். நான் தலை குனிந்துகொண்டேன்.

"அது எங்கயும் போகட்டும் டொக்டர்," என்றாள் மனைவி. "மனிசன் சலத்துக்கு எழும்பாம விடியமட்டும் நித்திரை கொண்டாக் காணும்."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்துச் செய்தார்கள். வலி தெரியவில்லை. குழாயில் மாட்டிய பையில் சிறுநீர் முதலில் சிவப்பாக வந்தது, பிறகு வெளுத்தது. குழாயை எடுத்தபின்தான் சோதனை. இருமினால் நனைந்தது. சாரத்தை (லுங்கி) மாற்றி மாற்றி அலுத்து, இனிக் காவியம் இல்லை என்று முடிவுகட்டினேன். தாதி சொல்லித்தந்த பயிற்சியை (சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்துவது) வேண்டாவெறுப்பாகத்தான் செய்தேன். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம், சாரம் காலையிலிருந்து மாற்றப்படாமலே இருப்பதைக் கண்டேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த வைகாசியில் திரும்ப உட்கார்ந்தேன். முன்பு படிக்கும்போதெல்லாம் மனம் இன்னும் எத்தனை பாட்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். இம்முறை எண்ணவில்லை. உடம்பு என்று ஒன்று கீழே இருப்பதே மறந்திருந்தது. புலம்பல் வந்தபோது அடியடியாக நிறுத்திப் பாடினேன். பெண்கள் இருந்த பக்கத்தில் அழுகை கேட்டது. அந்தப் பாட்டுக்கு அழுவார்கள் என்பதையே மறந்திருந்தேன்.

இடையில் தொண்டை காய்ந்தது. கையை நீட்டினேன். பக்கப்பாட்டுக்காரர் திகைத்து, "அண்ணன், தண்ணியா?" என்றார்.

"ஓம், தா."

செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அடுத்த பாட்டை ஆறுதலாகத் தொடங்கினேன்.