படத்தின் கீழே சாப்பிட்டவர்

எங்கள் வீட்டு முன்னறையில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம் தொங்கியது. மிஷன் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்த என் கணவருக்கு, சொந்த நாடு திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுத்தது. பரோக் என்கிற பழைய ஐரோப்பியப் பாணி ஓவியத்தின் நகல் என்பார் கணவர். படம் முழுக்க இருட்டு. அதற்குள் வெளிச்சம் விழுந்த நான்கு முகங்கள். பைபிளில் வரும் ஆபிரகாம் மண்டியிட்டு, முன்பின் தெரியாத மூன்று பேரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். எனக்கு அது தூசி தட்ட வேண்டிய இன்னொரு சாமான், அவ்வளவுதான்.

'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நடந்த நாற்பத்திரண்டு ஆகஸ்டில் மதுரையில் ஊரடங்கு போட்டிருந்தார்கள். அரிசி வாங்க வாடிப்பட்டிக்குப் போன கணவர், பஸ் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் தனியாக இருந்தேன். மத்தியானம் யாரோ பின்கதவைத் தட்டினார்கள். திறந்தால், தலையில் ரத்தம் வழிய ஒரு ஆள்.

"செல்லூர்ல தறி நெய்யிறவன் அக்கா. ஊர்வலத்துல அடிச்சுப்புட்டாங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க, போயிர்றேன்."

போகிற நிலையில் அவர் இல்லை. அடுப்படியில் உட்காரவைத்து, துணி கிழித்துத் தலையில் கட்டினேன். சோறு போட்டு அவர் இரண்டு வாய் வைத்திருப்பார், முன்கதவு அதிர்ந்தது.

வாசலில் ஏட்டு. எங்கள் பகுதியில் ரோந்து வரும் தாடிவைத்த முஸ்லிம். பின்னால் தெருவில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள்.

"வாத்தியாரம்மா, இந்தப் பக்கம் ஒருத்தன் ஓடியாந்தான். உள்ள யாரு இருக்கா?"

கேட்டுக்கொண்டே முன்னறைக்குள் வந்துவிட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவருடைய தோளுக்கு மேலே அந்தப் படம். என்னையறியாமல் வந்தது வேறு சொல்.

"விருந்தாளி இருக்காரு. சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. ஏட்டின் பார்வை அடுப்படி வாசலில் கிடந்த ரத்தத் துணிக்குப் போனது. பிறகு திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"இது இப்ராஹீம் நபிதானே? எங்க வேதத்துலயும் இந்தக் கதை இருக்கு. வந்தவங்க சாப்பாட்டுல கை வைக்கல. கெடுதல் பண்ண வந்தவங்களோன்னு அப்பத்தான் அவருக்குப் பயம் வந்துச்சு."

எனக்கும் அந்தப் பயம்தான். சொன்னேன்: "ஏட்டய்யா, உங்களுக்கும் சோறு இருக்கு. கருவாட்டுக் குழம்பு."

வெளியே பூட்ஸ் சத்தம் படியேறியது. "உள்ள பாத்திரலாமா ஏட்டய்யா?"

"நான் பாத்துக்கிறேன். நீங்க தெருக்கோடிக்குப் போங்க."

பிறகு தொப்பியைக் கழற்றிவைத்து, கை கழுவி, படத்தின் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சோறும் குழம்பும் பரிமாறினேன். அடுப்படியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஏட்டு நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு அந்த நேரம் நகரவே இல்லை.

எழுந்து கை கழுவியவர் குரலைத் தாழ்த்தினார். "ஆத்து மணல் வழியா வேணாம்மா. அங்க எங்க ஆள் நிக்குது. பொழுது சாயட்டும்."

பொழுது சாய்ந்ததும் நெசவாளி வயல்வெளிப் பக்கமாகப் போனார். பிறகு வேறோர் ஊரில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஊர் திரும்பிய கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இம்புட்டுத் தைரியம் உனக்கு எப்படி வந்துச்சு?" என்றார். தைரியமா? அன்றிரவு எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

ஏட்டை ஒருமுறை கடைத்தெருவில் மனைவியோடு பார்த்தேன். நானும் அவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடந்துபோகும்போது அவர் மட்டும் நடையைக் கொஞ்சம் தளர்த்தி எனக்கு வழிவிட்டார்.