ஆறு மணிக்குக் கைகொடுக்கும் நாய்

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரின் வேலையில் மருந்து கால்வாசிதான். மீதி முக்கால்வாசி "அது ஒண்ணுமில்லைங்க" என்று சொல்வது. மாடு அசைபோடவில்லையா, ஒண்ணுமில்லைங்க. ஆடு இருமுகிறதா, அதுவும் ஒண்ணுமில்லைங்க. யாரோ வளர்த்த பெரிய நாயைக் கொண்டுவந்து வீட்டில் பழக்க முயன்று நீங்களும் அல்லாடியிருக்கலாம். உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கயிறும் கெடுவும்

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுக் கிளம்பியபோது ஒரு துரை தன் நாயை எங்கள் ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் கட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார். பெயர் பிஜூ. ஆறு வயசு, செம்பட்டை நிறம், தொங்கல் காது. நாலு நாள் தண்ணீர்கூடத் தொடவில்லை. ஐந்தாம் நாள் நான் தயிர்ச்சோற்றைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு தின்றது. அதோடு நான் தொலைந்தேன். என் வீட்டுக்கே கொண்டுபோயிருப்பேன். மனைவிக்கு நாயின் மூச்சுக் காற்று பட்டாலே இழுப்பு வந்துவிடும்.

மூன்று மாதம் போயிற்று. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஒரு காலையில் மரத்தடியைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, சட்டம் பார்க்கிறவர். "ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கிழமை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஒரு வீடு அமையலைன்னா ஊசி போட்டு முடிச்சுட வேண்டியதுதான்" என்றார்.

கோவில்பத்து வீடு

முதலில் கேட்டவர் கோவில்பத்திலிருந்து சைக்கிளில் ஆபீஸ் வரும் ஒரு குமாஸ்தா. என் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். மூன்று நாள் உங்கள் கையால் சோறு, வெளியே போனால் மூன்று வாரம் கயிறு, பழைய பெயரை மாற்றாதீர்கள், அது படுத்த சாக்கை உதறாமல் அப்படியே போடுங்கள்.

எட்டாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மாதாகோயில் மணி அடித்தது. படுத்திருந்த பிஜூ எழுந்து, கூடத்து மூலைக்குப் போய், அங்கே யாருமே இல்லாத இடத்தில் உட்கார்ந்து வலது முன்காலை நீட்டியது. நீட்டிய கால் இறங்கவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல அந்தரத்தில் நின்றது. வால் மட்டும் மெல்ல ஆடியது.

எனக்கு விஷயம் தெரியும். துரையின் சமையல்காரர் சொல்லியிருந்தார். தினமும் அந்த மணி அடிக்கும்போது துரை கைகேட்பார், பிஜூ காலை நீட்டும், ஒரு பிஸ்கோத்து கிடைக்கும். "அது ஒண்ணுமில்லைங்க, மணிப் பழக்கம்" என்றேன். குமாஸ்தாவின் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்க கட்டில் போட்டுத்தாங்க எங்க மாமா கெடந்தாரு. தவறி நாப்பது நாளுதான் ஆவுது. இப்பவே அழைச்சிட்டுப் போயிடுங்க."

கோட்டுச்சேரிக் கிடங்கு

அடுத்தது கோட்டுச்சேரியில் நெல் கிடங்கு வைத்திருந்த மரைக்காயர். காவலுக்கு நாய் தேவை என்றார். கிடங்கில் ஆள் நடமாட்டம் குறைவு, மூலை முடுக்கைப் பார்த்துப் பயப்பட யாருமில்லை என்று நிம்மதியாக விட்டுவந்தேன். அந்த ஊரிலும் மாதாகோயில் உண்டு, மணி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்.

பத்தே நாள். மாட்டுவண்டியில் நெல் மூட்டைக்கு நடுவே பிஜூவை ஏற்றி அவரே கொண்டுவந்தார். இறங்காமலேயே சொன்னார்: "ரெண்டாவது தூண்கிட்டப் போயி கைகுடுக்குதுங்க. அங்க உக்காந்துதான் எங்க காசிம் பாய் சாக்குத் தைப்பாரு. போன நோம்புல மவுத்தாயிட்டாரு. அவரு இடது கைக்காரரு, கம்பவுண்டர். இதுவும் இப்ப இடது காலைத்தான் நீட்டுது."

பிரம்பு நாற்காலி

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வர ஒரு வாரம் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் பிலோமினாம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். தையல் வேலை செய்பவர். மாதாகோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றையாக இருந்தார். கணவர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. கதவைத் திறக்கும் முன்பே "தபாலுங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இல்லை, நாய் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எதையும் மறைக்கவில்லை. மூலை, தூண், ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி தூசி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நான் உட்காரப் போனேன்; அந்த அம்மா பதறிப்போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "அதுல யாரையும் உக்கார விடுறதில்லைங்க. அவங்க வந்து உக்காருவாங்க." பிஜூவின் கயிற்றை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மணி அடிக்காத வெள்ளி

இந்த ஊரிலேயே பிறந்தவன் நான், இருந்தும் ஒன்றைக் கவனித்ததில்லை. பெரிய வியாழன் பூசையோடு மாதாகோயில் மணியைக் கட்டிவைத்துவிடுவார்களாம். சனிக்கிழமை வரை மரக்கட்டையைத் தட்டுவதோடு சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிஜூவைப் பார்க்கப் போன இடத்தில் பிலோமினாம்மாதான் இதைச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆகிக்கொண்டிருந்தது.

மணி அடிக்கவில்லை. கட்டைச் சத்தமும் இல்லை. தெருவில் ஈ காக்கைகூட இல்லை. பிஜூ எழுந்தது. பிரம்பு நாற்காலியின் முன்னால் போய் உட்கார்ந்து காலை நீட்டியது. கால் நின்றது. நாற்காலியின் பிரம்பு, கனம் ஏறினால் முனகுமே, அப்படி ஒருமுறை முனகியது. "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு எழவில்லை. நாய் இன்றைக்கே என்னோடு திரும்பிவிடும், செவ்வாயன்று ஊசியை நிரப்பிக் கொடுப்பதும் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பிலோமினாம்மா கழுத்து ஜெபமாலையைப் பிடித்தபடி நாற்காலியையே பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அந்தத் துரையா, வேற யாரான்னு பாத்துடுறேன். அதுவரைக்கும் நாயி இங்கயே இருக்கட்டுங்க."

செவ்வாய்க்கிழமை

டாக்டர் மேஜையில் ஊசி தயாராக இருந்தது. ஒன்பது மணிக்கு பிலோமினாம்மா பிஜூவோடு படியேறி வந்தார். அவர் கேட்டது காது உண்ணிக்கு மருந்து. டாக்டர் ஊசியை எடுத்து உள்ளே வைத்தார்.

மருந்தைக் கலந்துகொண்டே, பார்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் நாயின் தலையைத் தடவினார். கறுப்புச் சேலை கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஞாயித்துக்கெழமை அடுத்த வீட்டு நாற்காலியக் கொண்டாந்து கூடத்துல போட்டேங்க, துரைன்னா அதுல உக்காரட்டும்னு. எங்க வீட்டு நாற்காலியத் தூக்கி அடுப்படிக்குள்ள வச்சுட்டேன். ஆறு மணிக்கு இது அந்தப் புது நாற்காலியத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா அடுப்படிக்குப் போயி எங்க நாற்காலி முன்னாடிதான் கைகுடுத்துச்சு. இனிமே தபால்காரரு வந்தா எந்திரிக்க மாட்டேங்க."

அன்றைக்குப் பிறகும் இருபது வருஷம் கம்பவுண்டர் உத்தியோகம் பார்த்தேன். ஆனால் ஒரு நாய் வெறும் இடத்தைப் பார்த்து வாலாட்டினால் மட்டும், அது ஒண்ணுமில்லைங்க என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.