தாய்மாமன் மடியில் அம்மைகுத்து

அறுபதுகளில் எங்கள் திருச்சுழிப் பக்கம் அரசாங்க ஜீப்பில் அம்மை குத்துகிறவர் வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். பிள்ளைகளை நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். குத்தினால் ஆத்தா கோபிப்பாள் என்று பயம். அதில் முதல் ஆள் என் மாமனார்.

எனக்கு அந்தப் பயம் செத்துப்போயிருந்தது. மூத்த மகளை அம்மைக்குத்தான் பறிகொடுத்தேன். வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, கும்பிடாத கும்பிடெல்லாம் கும்பிட்டும் போய்விட்டாள். அடுத்துப் பிறந்த மகன் அப்போது கைக்குழந்தை. பக்கத்து ஊரில் மறுபடி அம்மை போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இவனையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

மாமனாரிடம் நேரே மல்லுக்கு நின்றால் ஆகாது. எங்கள் பக்கம் காதுகுத்தென்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைப்பார்கள். சீர்த்தட்டோடு மாமன் வந்து நின்றுவிட்டால் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பாலவனத்தத்திலிருந்த அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். அம்மை குத்துகிறவர் மறுபடி வரும் நாளைக் கேட்டுக்கொண்டு, காதுகுத்துக்கு அழைப்பதுபோல வீடுவீடாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். வெற்றிலை வாங்கிய வீடு வராமல் இருக்குமா?

அண்ணன் தேங்காய் பழத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். மாமனார் முகம் கடுகடுத்தது.

"காதுகுத்துக்கு மாமன் மடி சரி. இதுக்கு என்னத்துக்கு?"

"உசுரு நிக்கட்டும் மாமா. காது பெறகு குத்திக்கிருவோம்," என்றேன்.

அவர் வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். அண்ணன் தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை வாங்கினார். அம்மை குத்துகிறவர் கையில் குத்தியதும் மகன் வீரிட்டான். நான் குலவை போட்டேன். முதலில் திகைத்து நின்ற பெண்களும் சேர்ந்து போட்டார்கள்.

அதோடு பேச்சே மாறிவிட்டது. மாமன் மடியில் அம்மை குத்தாத பிள்ளையென்றால் அந்த வீட்டுக்கே குறைச்சல்! பேச்சுவார்த்தை அறுந்துபோன தம்பியைத் தேடிப்போய் அழைத்துவந்தவளும் உண்டு. மாமனில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் என் அண்ணன் மடி. அவர் வேட்டி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அரசாங்க ஜீப்பால் ஆகாததை ஒரு தட்டு வெற்றிலையில் முடித்தவள் நான். இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் அம்மை வந்துதான் போனது. எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் போகவில்லை. மாமனார் பேரனை மடியில் வைத்து, சட்டைக் கையைத் தூக்கி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தழும்பைக் காட்டுவார். ஒருநாள் அப்படிக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூத்தவளுக்கும் இதே மாமந்தானம்மா இருந்தாரு. நாந்தான் குத்த விடல," என்றார்.

நான் அவர் மடியிலேயே பிள்ளையை விட்டுவிட்டு உள்ளே போனேன்.