இசக்கித்தாய் வைத்த இரண்டாவது அடுப்பு

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இசக்கித்தாயின் வீடு. கணவர் வெள்ளத்துரை பலசரக்குக் கடை வைத்திருந்தார், மகன் பேச்சிராஜா கண்டெய்னர் லாரி ஓட்டினான். ஆனால் யார் தட்டில் எந்த மீன் துண்டு விழும் என்பதை இசக்கித்தாய்தான் தீர்மானிப்பாள். மருமகள் சரண்யாதேவி காய் நறுக்குவாள், தேங்காய் அரைப்பாள், பாத்திரம் கழுவுவாள். உப்புப் போடும் உரிமை மட்டும் அவளுக்குக் கிடையாது. "சரி அத்தை" என்பதைத் தவிர வேறு சொல் தெரியாத பெண் என்று தெருவே அவளைப் பற்றிப் பேசியது. இப்படி ஒரு மருமகள் வாய்க்க என்ன புண்ணியம் செய்தாயோ என்று கேட்பவர்களிடம் இசக்கித்தாய் பெருமையாகத் தலையாட்டுவாள்.

இந்த வீட்டுக்குள்தான் அரசாங்கம் புகுந்தது. மகளிர் உரிமைத் தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு குடும்பத் தலைவிக்குத்தான். அது இசக்கித்தாய்க்கு மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பிரேமாவோ மகனைத் தனிக் கார்டாகப் பிரித்து, மருமகளையும் தலைவியாக்கிவிட்டாள். பொங்கலுக்கு ரேஷனில் கார்டுக்கு ஒன்றாக அந்த வீட்டுக்கு இரண்டு கரும்பு வந்தது. அந்த இரண்டாவது கரும்பைப் பார்த்த நாளிலிருந்து இசக்கித்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

"அவ வீட்ல ரெண்டு தலைவி, நம்ம வீட்ல ஒண்ணா? அரசாங்கம் குடுக்கத வேண்டாங்க நாம என்ன ஜமீனா?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தனிக் கார்டுன்னா தனிச் சமையல் இருக்கணும்ளா. தாலுகா ஆபீசுலேருந்து வீட்டுக்கு வந்து அடுப்பப் பாப்பாவ."

"பாக்கட்டுமே. அடுப்பு என்ன ஆனையா, குதிரையா? வாங்கி வச்சாப் போச்சு."

பின்கட்டில் ஒரு தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒற்றை பர்னர் ஸ்டவ்வும் சின்னச் சிலிண்டரும் வந்து இறங்கின. பொய்க் குடித்தனம்தான். அதற்காக ராகு காலத்திலா அடுப்பு வைக்க முடியும்? இசக்கித்தாய்க்கு மனசு கேட்கவில்லை. நாள் பார்த்து, நேரம் பார்த்து, ஸ்டவ்வுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மருமகள் கையால் பால் காய்ச்சவைத்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததும் குலவையே போட்டுவிட்டாள். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறோம். அதற்குக் குலவை போட்டவள் இவள் ஒருத்திதான்.

மருமகளுக்கு ஒத்திகையும் நடந்தது. "எங்களுக்குள்ள ஒத்துவரலன்னு மட்டும் சொல்லு. அழ முடிஞ்சா அழு."

தாலுகா ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஸ்டவ்வைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார், "மாமியாரோட என்னம்மா பிரச்சனை?" என்று சரண்யாதேவியைக் கேட்டார்.

சரண்யாதேவி தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தாள். "எங்க அத்த குழம்புல புளிய ஊத்திக்கிட்டே இருப்பாவ மேடம். கல்யாணம் முடிஞ்சி வந்த நாள்லேருந்து எனக்கு நெஞ்செரிச்சல். மீன்ல வாலுதான் எனக்கு. நடுத்துண்டு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. ஒரு நாள் நான் உப்புப் போட்டேன்னு அந்தக் குழம்பையே கொட்டிட்டாவ."

மேடம் உச்சுக்கொட்டினார். என்னமாய் நடிக்கிறாள் என்று இசக்கித்தாய் முதலில் மலைத்துப்போனாள். அன்று படுத்த பிறகுதான், அதில் ஒன்றுகூடத் தான் சொல்லிக்கொடுக்காதது அவளுக்கு உறைத்தது.

கார்டு வந்தது. சில மாதத்தில் மருமகளுக்கும் தொகை வந்து, அவளும் தலைவியானாள். "சரி, அந்த ஸ்டவ்வத் தூக்கிப் பரண்ல போடு ஏளா," என்றாள் இசக்கித்தாய்.

"பால் பொங்கின அடுப்ப எப்படி அத்த எடுக்க? வீட்டுக்கு ஆகாதுல்லா," என்றாள் சரண்யாதேவி, வழக்கமான பணிவோடு.

சாஸ்திரம் தன் பக்கத்துச் சரக்காயிற்றே, இசக்கித்தாய் எப்படி மறுப்பாள்? அன்றே தட்டிக்கு அந்தப் பக்கம் குழம்பு கொதித்தது. பேச்சிராஜா லாரியை விட்டு இறங்கினால் நேராக அங்கே போனான். வெள்ளத்துரை இரண்டு நாள் மானத்தோடு இருந்து பார்த்தார். மூன்றாம் நாள், "அங்கன காத்து நல்லா வருது" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தனக்கு மட்டும் உலை வைக்க உட்கார்ந்த இசக்கித்தாய்க்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று தெரியவில்லை. அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மருமகள் எட்டிப் பார்த்து, "சாப்பிட வாங்க அத்த" என்றாள். ரோஷத்தோடுதான் போய் உட்கார்ந்தாள். குழம்பு நன்றாக இருந்தது. அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் மறுநாளும் போனாள்.

சில வாரத்தில் யாரோ புகார் மனுப் போட்டுவிட்டார்கள், எதிர்வீட்டு வேலையாகத்தான் இருக்கும். மேடம் மறுபடி வந்தார். மருமகளின் ஸ்டவ்வில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இசக்கித்தாயின் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது, பர்னர் ஓரத்தில் சிலந்தி வலை.

"நீங்கதான் தனியா சமைக்கற மாதிரியே தெரியலையேம்மா. உங்க பேரை மருமக கார்டுல சேர்த்துட்டா உங்க தொகை நின்னுபோகும். நிஜமாவே உங்களுக்குள்ள பிரச்சனை இருக்கா?"

இசக்கித்தாய் கணக்குப் போட்டாள். மருமகள்மேல் ஒரே ஒரு குறை சொன்னால் போதும், பணம் தப்பிக்கும். சோம்பேறி என்று சொல்லலாம், வாயாடி என்று சொல்லலாம். கொதிக்கிற குழம்பையும் அதைக் கிளறிக்கொண்டிருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருக்கு மேடம்," என்றாள் கடைசியில். "அவ நல்லா சமைக்கா. அதான் பிரச்சன."