இருபது நிமிடம் முன்னால் ஓடிய கடிகாரம்

எங்கள் மோட்டார் கொட்டகையில், சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஒரு கைக்கடிகாரம் தொங்கும். அதன் இரண்டு முட்களும் பன்னிரண்டில் சேர்ந்துவிட்டால் தண்ணீர் பெரியப்பாவுடையது. அதுவரை எங்களுடையது.

மயிலாடுதுறைக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில் எங்கள் ஊர். அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது போர்க் கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் நேரத்தைப் பிரித்தார்கள். மும்முனைக் கரண்ட் காலை ஒன்பதுக்கு வரும், பிற்பகல் மூன்றுக்குப் போய்விடும். முதல் மூன்று மணி நேரம் அப்பாவுக்கு, அடுத்த மூன்று மணி நேரம் பெரியப்பாவுக்கு. பத்திரத்தில் ‘சரிபாதி’ என்றே எழுதியிருந்தது. கடிகாரம் பெரியப்பாவின் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது. தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். பிரிவினை முடிந்த அன்று அவரே அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாராம். கொட்டகை எங்கள் வயலோரம் இருந்ததால் சாவி கொடுக்கிற வேலை அப்பாவிடம் வந்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. பட்டியல் போடும் பழக்கம் அப்போதே தொற்றியிருந்தது. வீட்டில் எத்தனை குடை, அதில் எத்தனை விரியும் என்பதுவரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இன்று ஓர் ஆலையில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் என் வேலை. ஆகவே இதை ஒரு தொழில் தொடக்கம் என்றும் சொல்லலாம்.

அந்தக் கோடை விடுமுறையில் குவைத்திலிருந்து மாமா வந்தார். எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் யாரும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பட்டை என் கைக்குப் பெரிதாக இருந்தது; மாமா ஊசியைச் சுட்டு மேலும் இரண்டு ஓட்டை போட்டார். கையைத் தூக்கினால் அதன் முகம் தானாக வெளிச்சமாகும். எத்தனை அடி நடந்தேன் என்று சொல்லும். இதயம் துடிப்பதை எண்ணும். நான் கோழியைத் துரத்திவிட்டு வந்து எண்ணிக்கை பார்ப்பேன்.

கொட்டகைக்கு மோர் கொண்டுபோன ஒரு நாள் இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆணியில் இருந்தது இருபது நிமிடம் முன்னால் ஓடியது. உடனே சொல்லவில்லை. ஒரு முறை பார்த்ததை நம்பக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்து நோட்டில் எழுதினேன். திங்கள் இருபது. செவ்வாய் இருபது. புதன் இருபத்தொன்று. வியாழன் இருபது. வெள்ளி பத்தொன்பது. சனி இருபது. ஞாயிறன்று கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு ஓடினேன். இருபது.

மறுநாள் முறை மாற்றும் நேரத்தில் நோட்டோடு போய் நின்றேன். அப்பா எங்கள் மடையை அடைக்கக் குனிந்திருந்தார். பெரியப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வாய்க்கால் தலைப்பில் நின்றார். மாமா வேப்பமர நிழலில் நின்று போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அடைக்காதீங்க. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அந்த வாட்ச் பொய் சொல்லுது.”

“பழைய வாட்ச் பாப்பா, முன்னப்பின்ன இருக்கும். நீ வீட்டுக்குப் போ” என்றார் அப்பா, நிமிராமலே.

நான் போகவில்லை. நோட்டைத் திறந்து திங்கள் முதல் ஞாயிறு வரை உரக்க வாசித்தேன். மாமா சிரித்துவிட்டார்.

“மச்சான், நாளைக்கு இருபது நிமிஷம்னா மாசத்துக்குப் பத்து மணி நேரத் தண்ணி. யாரு வீட்டுக்குப் போவுது அது?”

பெரியப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“யாரு வீட்டுக்கு? என் வீட்டுக்குத்தான் மாப்ள. தம்பி பங்கைத் தின்னு வளந்திருக்கு என் பயிரு.”

“அண்ணே, சின்னப்புள்ள பேச்சைப் போயி…”

“புள்ள என்னடா தப்பாச் சொல்லிச்சு? மணியைத்தானே சொல்லிச்சு.”

அவர் கொட்டகைக்குள் போய் ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இனிமே பாப்பா வாட்ச்சு மணிதான். பன்னெண்டு அடிச்சதும் கூப்பிடு, நான் அப்ப வரேன்” என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். இருபது நிமிடமும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளிலிருந்து நண்பகலில் வரப்பின் மேல் ஏறி நின்று, கையைத் தூக்கி, முகம் வெளிச்சமானதும் “பன்னெண்டு!” என்று கத்துவது என் பொறுப்பானது. ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்பா மடையை அடைப்பார். பெரியப்பா வாய்க்காலைத் திறப்பார். இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த அமைதியையும் என் கடிகாரத்தின் நன்மைகளில் ஒன்றாக எழுதி வைத்தேன்.

பெரியப்பாவின் கடைசி வயல் போரிலிருந்து எட்டு வரப்பு தாண்டி இருந்தது. கோடையில் காய்ந்த வாய்க்கால் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுக்கும். ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் போனேன். நட்டுப் பத்து நாளே ஆன குறுவைப் பயிர். வயலின் மேட்டு மூலை வெடித்திருந்தது. என் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. நாற்றின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் அந்த மூலையைத் தொடுவதற்குள் கரண்ட் போய்விடுகிறது என்று மடை பார்க்கும் ஆள் சொன்னார். “இன்னும் நாலு நாள் இப்படிப் போனா அந்த வயலை மறந்துட வேண்டியதுதான்” என்றார்.

வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“என்ன சொன்னாரு?” என்று அம்மா கேட்டார்.

“இருபது நிமிஷம் முன்னாடியே திறந்துக்கங்கண்ணேன்னேன். பத்திரத்துல அப்படியா இருக்குன்னு கேக்கறாரு.”

“அவரு கேக்கவும் மாட்டாரு, குடுத்தா வாங்கவும் மாட்டாரு. இது இன்னிக்கு நேத்துப் பழக்கமா?” என்ற அம்மா என்னைப் பார்த்தார். “நீ ஒருத்தி வந்தே மணி சொல்ல.”

ஏன் திட்டு விழுகிறது என்று புரியவில்லை. சரியான மணியைச் சொன்னது குற்றமா? அந்த ஞாயிறு கோயிலுக்கு நாங்கள் நடந்து போனோம். எப்போதும் இரண்டு வீடும் ஒரே ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போவோம். அன்று பெரியம்மா மட்டும் ஆட்டோவுக்குள்ளிருந்து எனக்குக் கை காட்டினார்.

மாலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, கொட்டகைக்கு எந்த வாட்ச் தோதுன்னு எழுதிக் குடு. உன் வாட்ச்சா, பழசா?”

இப்படிக் கேட்டால் நான் விடுவேனா? கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்தேன். என் கடிகாரத்துக்கு ஒன்பது நன்மைகள் வந்தன: மணி தப்பாது, சாவி வேண்டாம், தேதி காட்டும், அலாரம் அடிக்கும், இப்படியே. பழையதற்கு மிகவும் யோசித்து இரண்டு எழுதினேன். சார்ஜ் போட வேண்டாம். கொட்டகைத் தூசிக்குக் கவலையில்லை. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். ஒன்பதை விட்டுவிட்டு அந்த இரண்டையும் மறுபடி வாசித்தார். “நல்லா எழுதியிருக்க” என்றார். ஒன்பதுக்கு இரண்டு, ஜெயித்துவிட்டேன் என்று தூங்கப் போனேன்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கே அப்பா என் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

“அண்ணே, இந்த வாட்ச் சரிப்படாது போலருக்கு. சார்ஜ் நிக்க மாட்டேங்குது. பாருங்க, இப்பவே அணைஞ்சு கெடக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் எண்பத்து மூன்று சதவீதம் இருந்ததை நான் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது, அழுத்தவில்லை, எடுக்கவுமில்லை.

பெரியப்பா கடிகாரத்தை வாங்கினார். முகத்துக்கு நேரே தூக்கினார். தூக்கியதும் அது பளிச்சென்று எரிந்தது. 11:36. வெயிலிலும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் மூக்கில் அந்த வெளிச்சம் நீலமாக விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அணையும்வரை பார்த்தார்.

“ஆமா” என்றார். “செத்துதான் கெடக்கு.”

“அதான். இதை நம்பி எப்படிண்ணே?”

“குவைத்து சாமான்ல, நம்மூரு சூட்டுக்கு எங்க தாங்கும்?” என்று என் கையில் அதைக் கவிழ்த்து வைத்தார் பெரியப்பா. பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய கடிகாரத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். “இது வேணா இருக்கட்டும். எடுத்து மாட்டு.”

அது ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நாளும் அவர் சாவி கொடுத்திருக்க வேண்டும்.

அப்பா ஆணியில் மாட்டிய சற்று நேரத்தில் அதன் முட்கள் பன்னிரண்டில் சேர்ந்தன. பெரியப்பா மண்வெட்டியை எடுத்தார். “என்னடா, மடையை அடைக்கிறியா, உன் வயல்லயே மீன் வளக்கப் போறியா?” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே குனிந்தார். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. இரண்டு பேர் சட்டைப் பையிலும் போன் இருந்தது. மாமா வருவதற்கு முன்பும் இருந்தது.

சாவிக் கடிகாரம் பழுதானால் பிழை நாளுக்கு நாள் கூடும், ஒரே இடத்தில் நிற்காது. தினமும் சரியாக இருபதிலேயே நிற்க வேண்டுமென்றால் ஒரு விரல் தினமும் அதைத் திருகி வைக்க வேண்டும். இதை இன்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன். அன்று என் நோட்டில் அதற்கு ஏழு நாள் சான்று என் கையெழுத்திலேயே இருந்தது.

ஆனால் அன்று நான் கோபத்தில் இருந்தேன். எரிகிற விளக்கை அணைந்துவிட்டது என்று சொல்லும் இரண்டு பெரிய மனிதர்களை என்ன செய்வது? கொட்டகை வாசலில் நின்று, கையைத் தூக்கி, கடைசியாக ஒரு முறை இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் நோட்டில் பழைய கணக்குக்குக் கீழே எழுதினேன்:

‘திங்கள், இருபது. ஒரு வாரம் பெரியப்பாவிடம் இருந்தும் பழுது சரியாகவில்லை.’