கத்தாத கருங்கோழி

அந்தக் கோழிக்குக் கொண்டை கறுப்பு, கால் கறுப்பு, அலகைத் திறந்து பார்த்தால் நாக்கும் கறுப்பு. கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளை ஒட்டிய வரப்போரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைச் சித்தப்பாதான் முதலில் பார்த்தார். எழுபதுகளின் கடைசி. நாங்கள் அடி அண்ணாமலையில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. தம்பி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான்.

சித்தப்பா டவுனில் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர். மருந்துப் புட்டிகளைக் கழுவி வைப்பதுதான் வேலை என்றாலும், ஊரில் எந்த மாடு தும்மினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வடக்கே எங்கோ எலும்புவரை கறுத்த கோழி இனம் ஒன்று இருப்பதாக டாக்டர் சொல்லக் கேட்டிருந்தார். அது நம் கொல்லைக்கே வந்துவிட்டது என்றதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை; தூக்கிவந்து அம்மாவிடம் காட்டினார்.

"ஒரு வெள்ளச் செறகு கூட இல்ல, பாருங்கண்ணி. இந்த ஜில்லாவுலயே கெடையாது."

அதன் காலில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. முதுகில் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. பருந்து ஏமாறட்டும் என்று குஞ்சுகளுக்குச் சாயம் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோழி மாறிவிடாமல் இருக்கக் காலில் துணி கட்டுவதும் உண்டு. சித்தப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நூலை அறுத்துப் போட்டு, முதுகைத் துடைத்து, கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாக விசாரித்தார். எங்களுடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. சிலர் அதைப் பார்த்ததுமே உள்ளே போய்விட்டார்களாம். கறுப்பைக் கண்டு பயப்படுகிற ஊர் என்று சொல்லிச் சிரித்தார்.

கோழி எங்களிடம் தங்கியது. கேழ்வரகைக் கையில் வைத்து நீட்டினால் மட்டும் தின்னும். கத்தாது. முட்டையிட்ட கோழி போடுகிற கூச்சல்கூட அதனிடம் இல்லை. முட்டை மட்டும் மற்றக் கோழிகளுடையதைப் போலவே இருந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சித்தப்பா உமி பரப்பிய கூடையில் கரித்துண்டும் ஒரு பழைய ஆணியும் போட்டு அடை வைத்தார். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க இரும்பு வேண்டும் என்பதில் ஆஸ்பத்திரிக்காரருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரு சேவல் குஞ்சாவது முழுக் கறுப்பாகப் பொரிந்தால் அதைக் கொண்டே இனத்தைப் பெருக்கிவிடலாம் என்றார். குஞ்சுகளில் ஒன்று எனக்கு என்றும் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்தக் கோழி ஒரு காரியம் செய்தது. உச்சி வெயிலில், தெருவில் ஆளில்லாத நேரத்தில், அடையிலிருந்து இறங்கும். வழியில் எதையும் கொத்தாமல் நேராக நடந்து, பக்கத்துத் தெரு டீக்கடைக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கும். கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும். கதவு திறந்திருந்தால் உள்ளிருந்து யாரோ சாத்துவார்கள். நான்தான் போய்த் தூக்கி வருவேன். டீக்கடைக்காரர் மனைவிக்குக் கோழி என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுடைய பெண் என் வகுப்பு. விஷக்காய்ச்சலில் நெடுநாள் கிடந்து, முடியெல்லாம் கொட்டி, மறுபடி பள்ளிக்கூடம் வரத் தொடங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் கருங்கோழி இருக்கிறது என்று அவளிடம் பெருமையடித்தேன். அவள் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"கையில வச்சாதான துன்னும்?"

நான் அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

முட்டைகள் பொரிக்கிற சமயத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டவுன் டாக்டரின் மருந்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். பால் குடிக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் டீக்கடைக்காரர் மனைவி வந்தார். படியேறவில்லை. தெருவில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

"அது எம் பொண்ணு தலைய சுத்தி உட்ட கோழிக்கா. ஒரு மாசு இருக்கக் கூடாதுன்னு பூசாரி சொன்னாரு. எங்கெங்கியோ அலைஞ்சி வாங்கியாந்து கொஞ்ச நாளு வூட்ல வச்சிருந்தோம், அவ கையாலதான் துன்னும். அப்பறம் எல்லைக்கு அந்தாண்ட உட்டுட்டு திரும்பிப் பாக்காம வந்தோம். நீங்க எடுத்தாருவீங்கன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா எங்ககிட்டயே குடுத்துடுவீங்களேக்கா."

சித்தப்பா மூடநம்பிக்கை என்றார். அடையிலிருக்கிற கோழியை எடுத்தால் முட்டை அத்தனையும் வீண், இந்த இனம் மறுபடி கிடைக்காது என்று கெஞ்சினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடைக்குத் தயாராயிருந்த இன்னொரு கோழியை முட்டைகளின் மேல் உட்காரவைக்கச் சொன்னாள். கருங்கோழியை எடுத்துத் தம்பியின் தலையைச் சுற்றி, முந்தானையில் மூடிக்கொண்டு தனியாகப் போனாள். பொழுது சாயும்போது வெறுங்கையோடு வந்து, கால் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தாள். எங்கே விட்டாள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அன்று இரவு தம்பிக்கு வியர்த்தது. விடிந்ததும் பால் கேட்டான்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் அது எங்கள் வாசலில் நின்றிருந்தது. கால்களில் செம்மண் ஒட்டியிருந்தது. நான் எழுவதற்குள், தம்பியை இடுப்பில் வைத்திருந்த அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கூப்பிடப்போன என் வாயைப் பொத்தினாள்.

அப்போதுதான் அது முதல்முறையாகக் கத்தியது. பயந்த கோழியின் கத்தல் இல்லை. தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடுகிற 'கொக், கொக்'. அடித்தொண்டையில், மெதுவாக, விட்டு விட்டு. எங்களுக்குப் பின்னால், மூலையிலிருந்த கூடையில், இன்னும் ஓடு உடையாத முட்டைகளுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று பதில் வந்தது.

அவற்றில் ஒன்று முழுக் கறுப்புச் சேவலாக வளர்ந்தது. எண்பதுகளில் செங்கம் பக்கம் வரை அதன் வாரிசுகள் இருந்தன. எல்லாமே நன்றாகக் கத்தின. சித்தப்பா அவற்றை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்; தாய்க்கோழியைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று வாசலில் சத்தம் ஓய்ந்த பின்னும் அம்மா வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. என் வாயின் மேலிருந்த கையையும் எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் மனைவியைப் போல அம்மாவுக்கும் கோழி என்றால் பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.