நாத்தனாரின் பூனை என்னிடம் இருந்த ஒரு மாதம்

என் கணவரின் அக்கா திருவாரூரில் தனியாக இருக்கிறார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் இறந்த வருஷம், மழைக்குக் கொல்லையில் வந்து ஒதுங்கிய ஒரு பூனைக்குட்டி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. "குட்டி" என்றுதான் கூப்பிடுவார். வளர்ந்து தடித்து ஆறு வயதான பிறகும் அது குட்டிதான்.

போன ஐப்பசியில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. சென்னையில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்க வேண்டும். மருமகளுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது, பூனை முடி ஆகாது.

"நீ வச்சுக்கிறியாம்மா?" என்று போனில் கேட்டார்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. என் பிரசவத்தின்போது லீவு போட்டு வந்து இருபது நாள் கூட இருந்தவர். சரி என்றேன். அதுவரை ஒரு பூனையைத் தொட்டதுகூட இல்லை என்பதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு அவரே கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூடி போட்ட கூடைக்குள் பூனை. கூடவே ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு சாக்கு மணல், கடையில் வாங்கிய தீனி ஒரு பாக்கெட்.

"ரெண்டு வேளையும் மீனை வேகவச்சு, அந்தத் தண்ணியோடயே சாதத்துல பிசைஞ்சு வை. இந்தப் பாக்கெட் அவசரத்துக்குத்தான். வெறும் காஞ்ச தீனியாப் போட்டா அதுக்கு உடம்புல தண்ணி சேராது, ஒண்ணுக்குப் போறது கஷ்டமாயிடும். என்ன?"

தலையாட்டினேன். கூடைக்குள்ளிருந்து வந்த உறுமலில்தான் என் காது இருந்தது.

மூன்று நாள் மீன் வேகவைத்தேன். வீடெல்லாம் அந்த வாடை. நான் ஆசிரியை, எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். நாலாம் நாள், இன்றைக்கு மட்டும் என்று பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினேன். பூனை தின்றது. அதற்குப் பிறகு தினமும் பாக்கெட்தான். தீர்ந்ததும் அதே தீனியை இன்னும் பெரிய பாக்கெட்டாக வாங்கி வந்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ஆனால் நாத்தனார் போன் பண்ணுவார்.

"குட்டி சாப்பிட்டுச்சா?"

"மீன் சாதம் சாப்பிட்டுச்சுக்கா."

அது பொய் என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. உடம்பு முடியாதவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பூனை, இரண்டாம் வாரம் வெளியே வர ஆரம்பித்தது. ஒரு நாள் நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. கால் மரத்துப்போகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்து மெதுவாக ஒரு படமும் எடுத்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அது கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தது. குளியலறை மிதியடியில் ஒரு நாள், சோபாவில் ஒரு நாள், என் தலையணையில் ஒரு நாள். மணல் டப் பக்கத்திலேயே இருக்கும். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எந்தப் பிள்ளை எந்தத் தப்பு செய்தாலும் என் வாயில் முதலில் வருவது "வேணும்னே பண்றியா?" என்பதுதான். பூனையிடமும் அதையே கேட்டேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், கட்டிலில் அடுக்கி வைத்திருந்த தேர்வுப் பேப்பர்கள்மேல் ஏறி உட்கார்ந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டது. வீம்புக்குச் செய்கிறது என்றுதான் நினைத்தேன். பிடரியைப் பிடித்துத் தூக்கினேன். அந்தப் பூனையை நான் தூக்கியது அதுதான் முதல் தடவை. கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். தூறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கிடக்கட்டும் என்று எண்ணம்.

மை கலைந்த பேப்பர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினேன். கதவுக்கு வெளியே அது கத்துவது கேட்டது. அடுக்களைக்குப் போய் மிக்ஸியில் சட்னி அரைத்தேன். மிக்ஸியை நிறுத்தியபோது கத்தல் இல்லை, மழை வலுத்திருந்தது. கதவைத் திறந்தால் பூனையைக் காணோம்.

என் கணவர் வேலை முடிந்து வந்தார். "பூனை எங்க?" என்று கேட்டார்.

"கதவு திறந்திருந்துச்சுங்க. ஓடிப்போயிடுச்சு."

அவர் சட்டையைக்கூட மாற்றாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருத்தெருவாக "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாத்தனாரின் போன் வந்தது. கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

"தூங்குதுக்கா" என்றேன்.

மறுநாள் அவர் படம் கேட்டார். காலடியில் படுத்திருந்த அந்தப் பழைய படத்தை அனுப்பினேன். பதிலாகக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார்: "உன் கால்கிட்டயே படுத்திருக்கே! அதுக்கு உன்னைப் புடிச்சுப்போச்சும்மா." பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரத்தில் அதைக் கேட்டேன். வெள்ளியும் சனியும் தேடினோம். அந்த இரண்டு நாளும் "சாப்பிட்டுச்சுக்கா" என்றுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரிக்குத் துணி கொண்டுபோனேன். தெருமுனையில் ஒரு அம்மா வண்டி போட்டிருக்கிறார். நாங்கள் தேடிய சாயங்காலங்களில் அது தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. வண்டிக்குக் கீழே பழைய புடவையின்மேல் சாம்பல் நிறமாக ஒன்று சுருண்டு கிடந்தது.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"மூணு நாளா இங்கதான் கெடக்கு டீச்சர். மழையில ஊறிப்போய் நடுங்கிக்கிட்டு வந்துச்சு. பாவம், ஒண்ணுக்குப் போக முடியலை. உக்காந்து உக்காந்து எந்திரிக்குது, ரத்தமா சொட்டுது. எந்தப் பாவி வெளில போட்டாங்களோ."

"எங்க நாத்தனாரோடதும்மா. கதவு திறந்திருந்தப்ப ஓடிடுச்சு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா டீச்சர்" என்றார். நான் குனிந்து கை நீட்டியதும் பூனை அவர் காலுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. அவர்தான் தூக்கி என் துணிக்கூடையில் வைத்தார். "இன்னிக்கே டாக்டர்ட்ட காட்டிடுங்க."

நானும் கணவரும் ஒரு கால்நடை மருத்துவரின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். சிறுநீர்ப்பையில் புண் என்றார்.

"கண்ட இடத்துல போயிருக்குமே?"

"ஆமா டாக்டர், ஒரு வாரமா."

"வேணும்னு செய்யறதில்லைங்க அது. எரிச்சல் தாங்காது. மணல்ல உக்காந்தா வலிக்குதுன்னு வேற இடம் தேடும். என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

"தினம் மீன் சாதம்தான் டாக்டர்" என்றார் என் கணவர். நான் போனில் சொன்னதைக் கேட்டு அவரும் நம்பியிருந்தார்.

"இல்ல. பாக்கெட் தீனிதான்" என்றேன்.

கணவர் என் பக்கம் திரும்பினார். டாக்டர் ஊசி போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "கதவு நிஜமாவே திறந்திருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பூனையை வீட்டில் இறக்கிவிட்டார். போய் மீன் வாங்கி வந்து அவரே வேகவைத்தார்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான்தான் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மீன் சாதம் பிசைந்தேன். மாத்திரையைப் பொடித்துக் கலந்து வைத்தேன். பூனை தேறிவிட்டது. ஆனால் என் காலடிக்கு மறுபடி வரவில்லை. கணவரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே படுத்தது.

நாத்தனார் ஊருக்குத் திரும்பும் வழியில் மகனோடு எங்கள் வீட்டில் இறங்கினார். கைத்தடி ஊன்றி வந்து உட்கார்ந்ததும் பூனை ஓடிப்போய் மடியில் ஏறியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெத்தவ மாதிரி பாத்துக்கிட்டா" என்று மகனிடம் சொன்னார். எனக்கு ஒரு புடவை வாங்கி வந்திருந்தார், எடுத்து நீட்டினார். என்னால் கை நீட்ட முடியவில்லை. மகனும் என் கணவரும் மணல் டப்பைக் காரில் வைக்க வெளியே போனார்கள்.

"அக்கா, நான்தான் அதைப் புடிச்சு வெளில போட்டுக் கதவைச் சாத்தினேன்" என்று ஆரம்பித்துச் சொன்னேன். தீனியைச் சொன்னேன், போனில் சொன்ன பொய்களைச் சொன்னேன். பூனையைத் தடவிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"மழையிலயா?"

"ஆமாக்கா."

"எத்தனை நாள் வெளில கெடந்துச்சு?"

"ரெண்டு நாள்" என்றேன்.

நாலு நாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதிலும் பாதியை விழுங்கிவிட்டேன்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்தப் படம்?" என்றார்.

"பழசுக்கா."

"வலி தாங்காமப் படுத்திருந்தப்ப அதைத்தாம்மா எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

திட்டவில்லை. காப்பி குடித்துவிட்டு, பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். புடவை நாற்காலியில் இருந்தது.

தை மாதம் பரிசோதனைக்காக மூன்று நாள் மறுபடி சென்னை போனார். பூனையை எதிர்வீட்டில் விட்டுப் போயிருந்தார் என்று கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் எப்போதும்போலத்தான் பேசுகிறார். பள்ளிக்கூடம், என் மகள் படிப்பு எல்லாம் விசாரிக்கிறார். பூனையைப் பற்றி அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இஸ்திரிக்குத் துணியை இப்போதெல்லாம் கணவர்தான் கொண்டுபோகிறார்.

போன வாரம் வகுப்பில் ஒரு பெண் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நின்றாள். "வேணும்னே" என்று தொடங்கிவிட்டேன். அதற்குமேல் சொல்ல வரவில்லை. "என்ன ஆச்சு?" என்றேன். அவள் நான் திட்டப்போகிறேன் என்று நினைத்து, முன்கூட்டியே அழ ஆரம்பித்தாள்.